தலை மட்டும் போதாது, பூவையும் காட்டுங்கள்: காசு அறைக் காப்பாட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகங்களில் காசு அறைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பாட்சியர்களுக்கும், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்கப் பலகைகளை எழுதுபவர்களுக்கும் வணக்கம்.

நான் சேலத்தில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவன். கொலுசு, மெட்டி, அரைஞாண் என்று நாற்பது வருடமாக வெள்ளியோடுதான் பிழைப்பு. பழங்காசு பார்ப்பது அதன் பக்கத்திலேயே வளர்ந்த ஆசை. எந்த ஊருக்குப் போனாலும், அங்கே அருங்காட்சியகம் இருந்தால் காசு அறையைத் தேடிப் போய்விடுவேன்.

போன மே மாதம், விடுமுறைக்கு வந்திருந்த பேரனை அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, நான் பார்த்த வேறு சில இடங்களிலும் இதே நிலைதான். சிவப்பு வெல்வெட் துணி மேல் பன்னிரண்டு ரோமானிய வெள்ளிக் காசுகள். பன்னிரண்டிலும் தலை மேலே தெரிந்தது. பலகையில் ‘ரோமானிய நாணயங்கள், வெள்ளி, கி.பி. 1-ஆம் நூற்றாண்டு’ என்று ஒரே வரி. அதற்குக் கீழே, யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்த செய்தி. அவ்வளவுதான்.

பேரன் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தான். அப்புறம் திரும்பிக் கேட்டான்: “தாத்தா, எல்லாம் தலையாவே இருக்கே, பூ எங்க?”

பக்கத்தில் நின்ற பணியாளரிடம் கேட்டேன். பெட்டியைத் திறக்க அவருக்கு அனுமதி இல்லை, பின்பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பிள்ளையின் கேள்விதான் இந்த மடல். ரோமானியக் காசின் பூப் பக்கத்தையும் எங்களுக்குக் காட்டுங்கள். சுற்றி ஓடும் எழுத்து என்ன சொல்கிறது என்று தமிழில் எழுதி வையுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் கொடுங்கள்.

முதலில் தொழில்காரனாக ஒரு விஷயம். இந்தக் காசுகளை வார்த்து எடுக்கவில்லை, அடித்திருக்கிறார்கள். தலை வெட்டிய அச்சு கீழே பட்டடையில் பதிந்திருக்கும். அதன் மேல் வெள்ளிச் சில்லை வைத்து, பூ வெட்டிய அச்சை ஒருவர் கையில் பிடித்துக்கொள்ள, சம்மட்டி இறங்கும். ஒரே அடியில் இரண்டு பக்கமும் ஏறிவிடும். சம்மட்டியை நேராக வாங்குவது மேல் அச்சு. அதனால் அதுதான் சீக்கிரம் தேயும், சீக்கிரம் விரியும். ஒரு தலை அச்சு தாக்குப்பிடிக்கும் காலத்துக்குள் பூ அச்சுகளை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும். அச்சு வெட்டுபவன் கை அதிகம் உழைத்தது பூப் பக்கத்தில்தான். நீங்கள் துணியோடு ஒட்டிக் கவிழ்த்து வைத்திருப்பது அந்த உழைப்பை.

தலைப் பக்கத்தைப் பற்றியும் பலகையில் ஒன்றுமில்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். தெனாரியஸ் என்ற இந்த வெள்ளிக் காசு பிறந்தது கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபாலோடு ரோம் போராடிக்கொண்டிருந்த காலத்தில். அன்று தலைப் பக்கத்தில் இருந்தது தலைக்கவசம் அணிந்த ரோமா என்ற நகரத் தெய்வம். பின்பக்கம், குதிரை மேல் பாய்ந்து வரும் இரட்டைத் தெய்வங்கள். அதற்கப்புறம் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் தெய்வங்கள் வந்தன, செத்துப்போன முன்னோர் முகங்கள் வந்தன. ரோம் நகரத்து அக்கசாலையில் அடித்த காசில் உயிரோடிருக்கும் மனிதன் முகம் மட்டும் வரவில்லை. அரசனே வேண்டாம் என்று துரத்திவிட்ட ஊர் அது. காசில் முகம் பொறிப்பது அரசன் வேலை.

அந்த வழக்கம் கி.மு. 44-இல் உடைந்தது. ஜூலியஸ் சீசரின் முகம் காசில் ஏறியது. கழுத்தில் சுருக்கம், ஒட்டிய கன்னம், தலையில் இலை மாலை. வழுக்கையை மறைக்க அந்த மாலை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது என்று பிற்கால வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். சுற்றியுள்ள எழுத்து அவரை ‘வாழ்நாள் முழுவதற்கும் சர்வாதிகாரி’ என்கிறது. பூப் பக்கத்தில் வீனஸ் தெய்வம் நிற்கிறாள், அவள் உள்ளங்கையில் சின்னதாக வெற்றித் தெய்வம். தன் குலம் வீனஸ் வழி வந்தது என்று சொல்லிக்கொண்டவர் சீசர். ‘உங்களை ஆள்பவன் நான்’ என்று தலை சொல்ல, ‘அதற்கான உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா’ என்று பூ சொல்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தால் பேச்சு பாதியில் நிற்கிறது. காசு வெளிவந்த சில வாரங்களில், மார்ச் 15 அன்று, அவரைக் குத்திக் கொன்றார்கள்.

கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் கி.மு. 42 வாக்கில், போருக்குப் படை திரட்டிய இடத்தில் ஒரு வெள்ளிக் காசு அடித்தார். பூப் பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள். நடுவில், விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி. கீழே மார்ச் 15 என்ற தேதி, அவர்கள் சுருக்கெழுத்தில். ஒரு கொலையை நாள் குறித்துப் பெருமையாகக் காசில் அடித்ததற்கு இதைவிடப் பெயர்பெற்ற உதாரணம் இல்லை. ஆனால் அதைத் திருப்பிப் பாருங்கள். தலைப் பக்கத்தில் புரூட்டஸின் சொந்த முகம்! காசில் முகம் போட்டுக்கொள்ளும் ஒருவர் தங்களுக்கு மேல் வேண்டாம் என்று கத்தி எடுத்தவர், இரண்டே வருடத்தில் தன் முகத்தைப் போட்டுவிட்டார். இதை நான் முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று இரவு பட்டறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கத்தையும் பார்க்காமல் இது எனக்குப் புரிந்திருக்க வழியே இல்லை.

சரி, அந்தக் காசு உங்கள் பெட்டியில் இருக்காது. உலகத்திலேயே அது அரிது. உங்கள் பெட்டியில் இருப்பவை வேறு. வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர், உடுமலைப் பக்கத்துப் பூதிநத்தம் என்று கொங்கு மண்ணில் குடம் குடமாகக் கிடைத்த வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பங்கு இரண்டே இரண்டு வகை. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து வகை ஒன்று, அவருக்குப் பின் ஆண்ட திபேரியஸ் காலத்து வகை ஒன்று. இந்த இரண்டை மட்டும் ஒழுங்காக விளக்கிவிட்டால்கூடப் போதும், வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

அகஸ்டஸ் காசை எடுத்துக்கொள்கிறேன். விட்டம் 18, 19 மில்லிமீட்டர். எடை 3.8 கிராம் அளவில். 2011-இல் வந்த நம் ஒரு ரூபாய்க் காசின் எடை 3.79 கிராம், ஆக அந்த ஒரு ரூபாயைக் கையில் வைத்துப் பார்த்தால் தெனாரியஸின் கனம் பிடிபட்டுவிடும். தலைப் பக்கத்தில் மாலை சூடிய அகஸ்டஸ். காசு அடிக்கும்போது அவருக்கு அறுபது வயது. முகத்தைப் பார்த்தால் இருபத்தைந்து தாண்டாது. மாலையைக் கட்டிய நாடாவின் இரண்டு நுனிகள் கழுத்துக்குப் பின்னால் தொங்கும். சுற்றி எழுதியிருப்பது: ‘சீசர் அகஸ்டஸ், தெய்வமானவரின் மகன், நாட்டின் தந்தை.’

‘மகன்’ என்பதற்கு அதில் ஒரே ஓர் எழுத்துதான். நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியலில் நிற்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த இனிஷியலில் நிற்பவர், இறந்தபின் ரோமானிய செனட் தெய்வமாக அறிவித்த ஜூலியஸ் சீசர். அதுவும் பெற்ற அப்பா இல்லை. அகஸ்டஸின் அம்மாவைப் பெற்ற பாட்டி சீசருக்கு உடன்பிறந்தவள். சீசர் தன் உயிலில் இவரைத் தத்து எடுத்திருந்தார். அந்த ஒற்றை எழுத்து ஒரு பேரரசையே வாங்கித் தந்தது. ‘நாட்டின் தந்தை’ பட்டம் கி.மு. 2-ஆம் வருடம் பிப்ரவரி 5 அன்று வந்தது. ஆகவே அந்தச் சொல் இருக்கும் காசு அதற்கு முன்பு அடித்ததாக இருக்க முடியாது. வருடம் பொறிக்காத காசுக்கு வருடம் கண்டுபிடிப்பது இப்படித்தான். இதைப் பலகையில் எழுதிப் பாருங்கள், பள்ளிப் பிள்ளைகள் துப்பறிகிற ஆசையில் அடுத்த காசுக்கும் தாவுவார்கள்.

இப்போது பூப் பக்கம். இரண்டு இளைஞர்கள் எதிரே பார்த்து நிற்கிறார்கள், தோளில் டோகா உடை. ஆளுக்கொரு வட்டக் கேடயத்தின் மேல் கை வைத்திருக்கிறார்கள். கேடயங்களுக்குப் பின்னால் ஈட்டிகள். இருவர் தலைக்கும் நடுவே, மேலே, சின்னதாக இரண்டு பொருள்கள். ஒன்று நீண்ட கைப்பிடி வைத்த அகப்பை, பூசை செய்பவர் படையல் ஊற்றுவதற்கு. இன்னொன்று நுனி வளைந்த கோல், பறவைகளைப் பார்த்துக் குறி சொல்பவர் கையில் இருப்பது. காயஸ், லூசியஸ் என்பது அந்தப் பையன்களின் பெயர். அகஸ்டஸுக்கு மகள் வயிற்றுப் பேரன்கள். ஆண் பிள்ளை இல்லாத தாத்தா இருவரையும் தத்தெடுத்து மகன்களாக்கிக்கொண்டார். மூத்தவன் பூசகர் குழுவில், இளையவன் குறி பார்ப்போர் குழுவில். அகப்பையும் கோலும் அதைத்தான் சொல்கின்றன. கேடயமும் ஈட்டியும் ரோமானியக் குதிரைப்படை வகுப்பார் அவர்களுக்கு வெள்ளியில் செய்து கொடுத்த மரியாதை. சுற்றியுள்ள எழுத்து, இருவரையும் ‘அகஸ்டஸின் மகன்கள், வரப்போகும் கான்சல்கள், இளைஞர்களின் தலைவர்கள்’ என்கிறது. கான்சல் என்பது ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவி.

எனக்குப் பின் இவர்கள்தான் என்று அந்தக் கிழவர் பேரரசு முழுக்க அடித்துச் சொன்ன காசு இது. காலில் போடும் மெட்டி அளவுகூட இல்லாத இடத்தில் இரண்டு பேர், நான்கு ஆயுதம், இரண்டு பூசைப் பொருள், அத்தனை எழுத்து. வெட்டியவன் கையைத் தொட்டுக் கும்பிடத் தோன்றுகிறது.

கி.பி. 2-இல் இளையவன் இறந்தான். கி.பி. 4-இல் மூத்தவனும் போனான். தாத்தா இன்னும் பத்து வருடம் உயிரோடிருந்தார். பேரன்களோ காசில் கேடயத்தைப் பிடித்தபடி கடல் கடந்து, மேற்குக் கரையில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்கு வந்து, பானைக்குள் புதைந்து, நம் காலத்தில் ஏர் முனையிலும் கடப்பாரையிலும் பட்டு வெளியே வந்தார்கள். இத்தனையும் தாண்டி வந்தவர்களைத்தான் வெல்வெட் துணியில் முகம் புதைத்துக் குப்புறப் படுக்க வைத்திருக்கிறீர்கள்.

அடுத்தது திபேரியஸ் காசு. அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு முந்தைய கணவரிடம் பிறந்தவர் திபேரியஸ். பேரன்கள் இருவரும் போனபிறகு அகஸ்டஸ் இவரைத் தத்தெடுத்தார். ஆகவே இவர் காசிலும் ‘தெய்வமான அகஸ்டஸின் மகன்’ என்ற இனிஷியல் ஏறிவிட்டது. பூப் பக்கத்தில் நாற்காலியில் ஒரு பெண். ஒரு கையில் நீண்ட கோல், இன்னொரு கையில் ஒரு கிளை. சுற்றி ‘தலைமைப் பூசகர்’ என்ற பட்டம். அமைதித் தெய்வத்தின் உருவில் இருப்பது அவர் தாயார் லிவியாதான் என்று பலர் கருதுகிறார்கள். கி.பி. 37 வரை ஆண்டவர், இருபது வருடத்துக்கு மேல் ஏறக்குறைய இந்த ஒரே படத்தை அடித்துக்கொண்டே இருந்தார். ஆனால் நாற்காலிக் காலைக் கவனியுங்கள். சிலவற்றில் நேர்க்கால், சிலவற்றில் கடைசல் வேலைப்பாடு. சிலவற்றில் காலடியில் ஒரு கோடு, சிலவற்றில் கோடே இல்லை. இந்த நாற்காலிக் கால்களை வைத்துத்தான் ஆய்வாளர்கள் எது முந்தி, எது பிந்தி என்று வரிசைப்படுத்துகிறார்கள். இந்த இரண்டு வகைகளும் பெரும்பாலும் அடிக்கப்பட்டது ரோமில் அல்ல, ‘கால்’ (Gaul) என்ற நாட்டில் இருந்த லுக்தூனத்தில். இன்றைய பிரான்சின் லியோன் நகரம் அது.

சீசருக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு காசைக் கொண்டுவரச் சொல்லி, இதில் இருக்கும் உருவம் யாருடையது, எழுத்து யாருடையது என்று கேட்டாரே, அந்தக் காசு இந்தத் திபேரியஸ் காசுதான் என்பது நெடுங்கால நம்பிக்கை. நம் ஊரில் அந்தக் கதை தெரியாத கிறிஸ்தவக் குடும்பம் இருக்குமா? அந்தக் காசின் உடன்பிறப்பு உங்கள் பெட்டியில் இருக்கிறது. ஒரு வரி எழுதியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு வந்து பார்ப்பார்களே. அவர் கேட்ட கேள்வியையும் பாருங்கள், உருவம் மட்டும் அதில் இல்லை, எழுத்தும் இருக்கிறது.

இந்த இரண்டு வகையைத் தாண்டிப் போனால் காசுகள் இன்னும் துணிச்சலாகப் பேசுகின்றன. நீரோ பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்த கி.பி. 54-இல், அவரும் அம்மா அக்ரிப்பினாவும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்க்கும்படி ஒரு காசு. சுற்றியுள்ள பெயர் அம்மாவுடையது, மகன் பெயர் பின்பக்கம் போய்விட்டது. அடுத்த வருடம் இருவர் முகமும் ஒரே திசை பார்க்கின்றன, மகன் முன்னால், அம்மா பின்னால், தலைப் பக்கத்து எழுத்து மகனுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் ரோமின் காசுகளில் அம்மாவே இல்லை. கி.பி. 59-இல் அவளைக் கொல்ல ஆள் அனுப்பினார் மகன். மாமியார் மருமகள் கதைகளை வருடக்கணக்கில் பார்க்கிற நம் ஜனங்களுக்கு இந்த மூன்று கட்டத்தை விளக்க ஒரு நிமிடம் போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் படங்களில் பல, தோற்றவர்களை அவமானப்படுத்த அடித்தவை. எகிப்தைப் பிடித்ததும் ஒரு முதலையும், ‘எகிப்து பிடிபட்டது’ என்ற எழுத்தும். கி.பி. 70-ஐ ஒட்டிப் பேரரசர் வெஸ்பாசியன் அடித்த வெள்ளிக் காசில், குவித்து நிறுத்திய ஆயுதங்களுக்குக் கீழே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கி அழுகிறாள். அருகில் ‘யூதேயா’ என்று எழுத்து. ஜெருசலேம் கோயிலை இடித்த போரின் வெற்றிக் காசு. ஒரு நாட்டின் அழுகையை அச்சில் வெட்டி, அதையே கூலியாகச் சிப்பாய் கையில் கொடுத்தார்கள். அழகைப் பார்த்து நான் மயங்கி நிற்கிறவன்தான், ஆனாலும் அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது வயிறு பிசைகிறது. அந்த அழகுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதும் பலகையில் இருக்கட்டும்.

நம் பக்கத்து ஆள் ஒருவர் இந்தத் தலைகளைப் பார்த்து என்ன நினைத்தார் என்பதற்கு ரோமானியர் பிளினி எழுதிவைத்த சாட்சி ஒன்று இருக்கிறது. நீரோவுக்கு முன் ஆண்ட கிளாடியஸ் ஆட்சியில், செங்கடல் வரிக் குத்தகைக்காரர் ஒருவரின் ஆள் காற்றில் அடித்துக்கொண்டு போய் இலங்கையில் ஒதுங்கினார். அவரிடம் இருந்த தெனாரியஸ் காசுகளை அந்த நாட்டு மன்னர் வாங்கிப் பார்த்தார். வெவ்வேறு முகங்கள் இருப்பதால் வெவ்வேறு ஆட்சியில் அடித்தவை என்று அவருக்குத் தெரிகிறது. எடையோ எல்லாம் ஒன்றாக இருக்கிறது. ஆள் மாறியும் எடை மாறவில்லையே என்று ரோமானியரின் நேர்மையை வியந்து, தூது அனுப்பினாராம்.

தராசோடு வாழ்கிற எனக்கு இந்த மன்னரை ரொம்பப் பிடிக்கும். அவர் தலைகளைப் பார்த்து மயங்கவில்லை, தலைகளைக் கொண்டு காலத்தைப் பிரித்து, தராசில் வைத்துச் சோதித்தார். அவர் இன்னும் சில வருடம் கழித்துச் சோதித்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். கி.பி. 64-இல் நீரோ ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 காசு என்பதை 96 காசு ஆக்கிவிட்டார். 3.9 கிராம் சுமார் 3.4 கிராமுக்கு இறங்கியது. டச்சும் குறைந்தது, அதாவது வெள்ளியில் செம்பு கூடியது. நம் மண்ணில் கிடைத்த வெள்ளிப் புதையல்களில் இந்தப் புதுக் காசுகள் மிகக் குறைவு. பழைய அகஸ்டஸும் திபேரியஸுமே குவிந்து கிடப்பதற்கு நம் வியாபாரிகளின் உரைகல்லும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நம்புகிறேன். 3-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காசில் பாதிதான் வெள்ளி. அதே சமயம் மன்னர் தலையில் இலை மாலை போய்ச் சூரியக் கதிர்க் கிரீடம் ஏறிய புதுக் காசு வந்தது. அது இரண்டு தெனாரியஸுக்குச் சமம் என்று கருதப்படுகிறது, இரண்டுக்குரிய வெள்ளியோ அதில் இல்லை. இந்த மாற்றத்தை எந்த வெள்ளிக்காரனிடம் சொன்னாலும் ஒரு நொடியில் புரிந்துகொள்வான்.

வெட்டுப்பட்ட காசுகளை ஒளித்து வைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகள் சிலவற்றில் மன்னர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு இருக்கும். புதுக்கோட்டையில் 1898-இல் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவை அப்படித்தான். வெள்ளியிலும் உண்டு. உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளித் தகடு சுற்றிய போலிக் காசுகள் அன்றே இருந்தன, அதனால் சோதித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் சோதிக்க விளிம்பில் ஒரு சின்ன வெட்டு போதும். நானும் அப்படித்தான் பார்ப்பேன். முகத்துக்குக் குறுக்கே இழுத்த வெட்டு வேறு மாதிரிப் பேசுகிறது. இனி இது காசாகச் செல்லாது, வெறும் உலோகம்தான் என்று அறிவித்தார்களா, வேறு ஒரு மன்னன் முகம் தன் நாட்டில் புழங்க வேண்டாம் என்று யாராவது நினைத்தார்களா என்று அறிஞர்கள் பல விதமாகச் சொல்கிறார்கள். திபேரியஸ் காலத்து ரோமில், அகஸ்டஸ் முகம் இருக்கும் காசைக் கழிவறைக்குள் எடுத்துப்போனதுகூட மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது என்கிறார் சூட்டோனியஸ். அதே முகத்தின் மேல் இங்கே ஒருவர் நிதானமாக உளி வைத்திருக்கிறார். ‘சேதமடைந்தது’ என்று எழுதி அந்தக் காசைக் கிடங்குக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய இழப்பு!

அப்புறம் மாக்கோதை. கரூர் ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளைத் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்டார். ஒரு பக்கத்தில் மன்னர் தலை, பக்கவாட்டில். மேலே தமிழ்ப் பிராமியில் ‘மாக்கோதை’. இன்னொன்றில் ‘குட்டுவன் கோதை’. யானை, வில், மீன், புலி என்று சின்னங்களை அடித்துவந்த நாட்டில் மனித முகமும் பக்கத்தில் பெயரும் வந்து நிற்கின்றன. ரோமானியக் காசைப் பார்த்து வந்த யோசனை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள், பார்த்தாலே நமக்கும் தெரியும். ஆனால் பெரும்பாலும் மாக்கோதை ‘சங்க கால நாணயங்கள்’ பெட்டியிலும், திபேரியஸ் ‘வெளிநாட்டு நாணயங்கள்’ பெட்டியிலும் இருப்பார்கள். இடையில் நாலு அறை. இருவரையும் ஒரே பெட்டியில் தோளோடு தோள் வையுங்கள். கரூர்க் கடைத்தெருவில் ஒரே முந்தானை முடிச்சில் இருந்திருக்கக்கூடியவர்கள்.

செலவைப் பற்றிச் சொல்வீர்கள் என்று தெரியும். பெரிய செலவு எதுவும் வேண்டாம். வெல்வெட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடித் தட்டில் வைத்து, கீழே ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் பூ தெரியும். ஒரே வகைக் காசு பத்து இருக்கிறதா, ஐந்தைத் தலையாகவும் ஐந்தைப் பூவாகவும் திருப்பி வையுங்கள், அதற்குக் காசே ஆகாது. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பக்கத்தையும் படமெடுத்து ஒட்டுங்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கீழே தமிழில் பொருள் எழுதுங்கள். பெட்டியோடு ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். எந்த ஊரில், எந்த வருடம், எத்தனை காசோடு சேர்ந்து கிடைத்தது என்று எழுதுங்கள். ஒரே பானையில் வந்தவற்றைப் பிரிக்காதீர்கள். கூடக் கிடந்த காசு எது என்று தெரிந்தால்தான் அந்தப் பானை எப்போது புதைந்தது என்று கணக்குப் போட முடியும்.

இன்னொரு விஷயம், இதைத் தொழில்காரனாகக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். காசு கறுத்திருக்கிறதே என்று யாரையும் கூப்பிட்டு மெருகு போட்டுவிடாதீர்கள். ஒரு இடத்தில் திபேரியஸ் காசுகள் புதுக் கொலுசு மாதிரிப் பளபளத்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. நாற்காலியில் இருந்த பெண்ணின் முகம் வழித்துப் போயிருந்தது. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. காசு மண்ணுக்குள் கிடந்த காலம் அதன் மேல் படிந்தது. பிரஷ்ஷும் பொடியும் பட்டால் முடி, கண், எழுத்தின் விளிம்பு எல்லாம் ஒரே நாளில் தேய்ந்துவிடும். சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று படித்த வேதியியல் ஆட்கள் உங்கள் துறையிலேயே இருக்கிறார்கள்.

கடைசியாக, என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் தொட்டுப் பார்க்க மாதிரிக் காசு வேண்டும். அசலின் இரண்டு பக்கப் படமும் சரியான அளவும் நீங்கள் தந்தால், காயஸ் லூசியஸ் காசு ஒன்றும், நாற்காலிப் பெண் காசு ஒன்றும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக, இரண்டு பக்கமும் அச்சு வெட்டி, வெள்ளை உலோகத்தில் அடித்துத் தருகிறேன். அசலோடு குழம்பாதபடி விளிம்பில் ‘மாதிரி’ என்று தமிழில் பொறித்துவிடலாம். கூலி வேண்டாம், உலோகமும் என்னுடையது. எந்த ஊர் அருங்காட்சியகமாக இருந்தாலும் சரி. வெட்டி முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆகும்.

பேரன் தீபாவளிக்கு வருகிறான். ரோமானியப் பிள்ளைகள் காசைச் சுண்டிவிட்டு ‘தலையா, கப்பலா’ என்றுதான் கேட்பார்களாம், அவர்களுடைய பழைய வெண்கலக் காசில் பின்பக்கம் கப்பல் முகப்பு இருந்ததால். அதை அவனிடம் சொல்லிவிட்டேன். இப்போது அவனுக்குக் கப்பல் காசும் பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு வெள்ளிப் பட்டறைக்காரன்